எட்டு மணிக்கு இயந்திரத்தைத் துடைக்கிறோம்

மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். நான் எண்ணுகிறேன். வாசலில் கிடக்கும் செருப்புகள், அவற்றில் ஜோடி சேராதவை, சுவரில் ஒட்டிய அறிவிப்புகள், எனக்கு முன்னால் இருப்பவர்கள். எல்லாவற்றையும் எண்ணி முடித்தும் என் முறை வராவிட்டால், எங்கிருந்தோ அந்த வாக்கியம் வந்துவிடும்.

மைஅசா ஹாச்சிஜி நி கோஜோ தே கிகாய் ஓ சோஜி ஷிமாஸ்.

தினமும் காலை எட்டு மணிக்கு ஆலையில் இயந்திரத்தைச் சுத்தம் செய்கிறோம். அவ்வளவுதான் அந்த ஜப்பானிய வாக்கியத்தின் பொருள். அதில் அழகாக ஒன்றும் இல்லை. ஆனால் வாய்க்குள் சொல்லத் தொடங்கினால் எனக்கு முதலில் ஆற்றுத் தண்ணீரின் மணம் வருகிறது. கொஞ்சம் பொறுத்து, அதற்குப் பின்னால், பனியின் வெளிச்சம். மருந்து வாசனை விலகிப் போகிறது. என் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டும் காதில் விழவில்லை என்று மருந்தகத்துப் பெண் கோபித்துக்கொள்கிறாள். காது கேட்கவில்லை என்று மருத்துவர் எழுதிவிடுவாரோ என்பது இப்போது என்னுடைய புதுக் கவலை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் எங்கள் ஊரை ஒட்டிய பேட்டையில், தொழிற்பேட்டைக்குள் இருந்த ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். நூற்பாலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்கிற இடம். செய்து முடித்தவற்றை அளந்து, தேறும் தேறாது என்று பிரிப்பது என் வேலை. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மெட்ராசைத் தாண்டிப் போனதில்லை. என் மேசைக்கு எதிரே ஒரு நாட்காட்டி தொங்கியது. அதன் ஜனவரித் தாளில் ஜப்பானில் ஏதோ ஓர் ஊரின் சிறிய ரயில் நிலையம். எங்கும் வெண்பனி. நடைமேடையில் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார், முகம் தெரியாது. தண்டவாளத்தை ஒட்டி ஏழு விளக்குக் கம்பங்கள். எட்டாவது ஒன்று இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி அந்த இடத்தில் பனி மூடியிருக்கும். வருஷம் முடிந்த பிறகும் அந்தத் தாளைக் கழற்ற நான் யாரையும் விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் நேரத்தில் எட்டாவது கம்பம் தெரிகிற மாதிரி இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் போய்விடும்.

அங்கே போய் நிற்க வேண்டும் என்று ஓர் ஆசை. யாரிடமும் சொல்லக்கூடிய ஆசையாக அது எனக்குப் படவில்லை.

அப்போதுதான் எங்கள் முதலாளி ஜப்பானிலிருந்து, இரும்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் ஒரு கிரைண்டிங் மிஷின் வாங்கினார். அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட அங்கிருந்து ஒரு பொறியாளர் வருவார் என்றும், அவர் யாரைக் கேட்கிறாரோ அந்த ஒருவரை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்புவதாக ஏற்பாடு என்றும் சொன்னார். கூடவே மெட்ராசிலிருந்து ஒரு மெல்லிய புத்தகமும் ஒரு கேசட்டும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இரண்டின் மேலும் தூசி படிந்தது. ஒரு சாயங்காலம் அவற்றைத் துடைத்து, என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தேன்.

கேசட்டின் முதல் பாடம் அந்த வாக்கியம்தான். ஒரு பெண் குரல் சொல்லும். பிறகு நாம் திருப்பிச் சொல்வதற்காகச் சற்று நேரம் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் போடும், காக்கை கத்தும், நான் தடுமாறுவேன். புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் ஆங்கிலத்தில் பொருள் போட்டிருந்தது. அந்த ஆங்கிலத்தைச் சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. ஒருநாள் ஆங்கிலத்தை அடித்துவிட்டு அந்தந்த இடத்தில் தமிழை எழுதினேன். தினமும் காலை. எட்டு மணி, அதற்குப் பின்னால் ‘நி’, நம்முடைய ‘க்கு’. ஆலை, அதற்குப் பின்னால் ‘தே’, நம்முடைய ‘இல்’. இயந்திரம், அதற்குப் பின்னால் ‘ஓ’, நம்முடைய ‘ஐ’. கடைசியில், எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, வினைச்சொல். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தொடங்கி அத்தனை வருஷமும் ஆங்கிலத்துக்காக வாக்கியத்தை உடைத்து முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தவன் நான். இங்கே முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அடுக்களையும் பூஜையறையும் கிணறும் எங்கள் வீட்டில் இருக்கிற அதே இடத்தில் இருந்தன.

அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு உள்ளே இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். ஆனால் என் வீட்டுக்காரி வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

காலையில் குறுக்குத்துறைக்கு நடந்து போய் ஆற்றில் குளிப்பது என் வழக்கம். விடியும் நேரத்தில் தாமிரபரணி மேல் மெல்லிய புகை படர்ந்திருக்கும். எதிர்க்கரை மருத மரங்கள் இருக்கும், இருக்காது. மார்பளவு தண்ணீரில் நின்று வாக்கியத்தைச் சொல்வேன். ஆறு அதை எடுத்துக்கொண்டு போகும். மறுபடி சொல்வேன். சில நாட்களில் நான் சொல்கிறேனா, கேட்கிறேனா என்று தெரியாது. ‘நி’ என்று சொல்லும்போது ஒரு படி, ‘தே’ என்று சொல்லும்போது ஒரு படி, ‘ஓ’வில் தலை முழுகும்.

வழக்கமாக என் பக்கத்துப் படியில் துணி துவைக்கும் நகைக்கடைக்காரர் ஒருவர் பல நாள் பொறுத்திருந்து ஒருநாள் கேட்டார்.

“அண்ணாச்சி, கேக்கேன்னு தப்பா நெனைக்கக் கூடாது. இது எந்தச் சாமிக்குள்ள மந்திரம்? வீட்ல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையோ?”

ஜப்பான் பாஷை என்றேன். மிஷினைத் துடைப்பதைப் பற்றியது என்றேன். அவர் வேட்டியைப் பிழிந்தபடியே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முழுக்குப் போடாமல் கரையேறிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வாக்கியத்தின் சொற்களை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. எட்டு மணிக்குப் பதில் ஆறு மணி. ஆலைக்குப் பதில் ஆறு. அதற்கு அவர்கள் பாஷையில் காவா. இயந்திரத்துக்குப் பதில் கையில் இருந்த வேட்டி. வேட்டிக்குப் புத்தகத்தில் சொல் இல்லை. மைஅசா ரோகுஜி நி காவா தே வேட்டி ஓ அராய்மாஸ். தினமும் காலை ஆறு மணிக்கு ஆற்றில் வேட்டியைத் துவைக்கிறேன். யாரும் சொல்லித்தராமல் நானே செய்த முதல் வாக்கியம். கரையேறி நின்று வேட்டியை உதறியபோது அதிலிருந்து தெறித்த தண்ணீரெல்லாம் எனக்கு வேறு தண்ணீராகத் தெரிந்தது.

புத்தகத்தின் பின்பக்கத்தில் எண்கள் இருந்தன. அந்த பாஷையில் நீளமான பொருளை எண்ண ஒரு விதம், தட்டையான பொருளை எண்ண வேறு விதம். எனக்கு அது யாரோ எனக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது. வாழைக்காயை இப்போன், நிஹோன் என்று எண்ணினேன். தட்டில் விழும் தோசையை இச்சிமாய், நிமாய் என்று எண்ணினேன்.

“தோசையவாவது எண்ணாம சாப்பிடுங்களேன். ஆறிப் போவுதுல்லா,” என்றாள் வீட்டுக்காரி. அடுத்த தோசையைப் போடும்போது, என்னைப் பார்க்காமலே, “சன்மாய்,” என்றாள். மூன்று. கேசட் ஓடும்போதெல்லாம் அவளும் அடுக்களையில் இருந்தாள் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

பொறியாளர் புரட்டாசி வெயிலில் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். சாம்பல் நிறச் சட்டை, அதே நிறத்தில் கால்சட்டை, ஒரு சிறிய பெட்டி. ஜங்ஷனில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம்தான் தெரியும். முதலாளி ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்துகொண்டு வந்து என்னிடம் நின்றபோது, எழுந்து நின்றேன். வணக்கத்துக்குப் புத்தகத்தில் மூன்று சொற்கள் இருந்தன, மூன்றும் மறந்துபோயின. அந்த வாக்கியத்தை மட்டும் முழுசாகச் சொன்னேன்.

அவர் அசையாமல் கேட்டார். பிறகு இடுப்பை வளைத்து வணங்கினார். பட்டறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஜப்பானுக்கு டிக்கெட்டே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் எட்டு மணிக்கு நான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனால், அவர் மிஷின் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தார். அவர் கையில் ஒரு வெள்ளைத் துணி. இன்னொன்றை என்னிடம் நீட்டினார். தினமும் எட்டு மணிக்குத் துடைப்பதாக நான்தானே சொல்லியிருந்தேன்.

அளந்து பார்க்கிற நான் அதுவரை எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டவனில்லை. கையில் கறை படாத வேலை என்றுதான் அப்பா என்னைப் படிக்க வைத்தார். இல்லை, அது வெறும் பாடம், ஒரு கேசட்டில் வந்தது என்று விளக்க எனக்குச் சொற்கள் இல்லை. துணியை வாங்கிக்கொண்டேன். மேலிருந்து கீழே, ஒரே பக்கமாக, அழுத்தாமல். அவர் செய்தபடி செய்தேன். மிஷின் ஓட்டுகிறவர்கள் எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட்டும் கையுமாகச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். “ஐயா பைய தொடைங்க, சட்டை அழுக்காயிரும்,” என்றான் ஒருவன். “சட்டையையும் அதாலேயே தொடைச்சுக்கிடலாம்லே,” என்றான் இன்னொருவன். அன்றிலிருந்து அவர் இருந்த நாளெல்லாம் எட்டு மணிக்கு இருவரும் துடைத்தோம். பேச்சு அதிகம் இல்லை. துணி போகும் சத்தம் மட்டும். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு ஆற்றில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

துறைமுகத்தில் ஒரு பாகம் சிக்கிக்கொண்டதால் கடைசிச் சோதனை ஓட்டம் தள்ளிக்கொண்டே போனது. ஒருவழியாக அது வந்து சேர்ந்து, பொருத்தி முடித்து, நாளைக் காலை ஓட்டுவது, சாயங்காலம் அவருக்கு மெட்ராஸ் ரயில் என்று முடிவானது. அந்த நாளைக் காலை என்பது ஆயுதபூஜை. யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாக யாருக்கும் படவில்லை. பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் எடுக்கும் வரை தொடக்கூடாது என்பது தெரியாத ஆள் ஒருவர் இருக்க முடியும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

எட்டு மணிக்கு அவர் வெள்ளைத் துணியோடு வந்தார். வாசலில் வாழை மரம். மிஷினுக்குச் செவ்வந்தி மாலை. உடம்பெங்கும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். கீழே வாழையிலையில் பொரி, கடலை, மேஸ்திரியின் ஸ்பேனர்கள், என்னுடைய மைக்ரோமீட்டர்கள். சாம்பிராணிப் புகையில் அந்த மிஷின் எங்கள் எல்லாரையும் விட்டுத் தள்ளி எங்கேயோ நிற்கிற மாதிரி இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவிட்சைக் காட்டினார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு அதற்கு முன்னால் நின்றார்.

முதலாளிக்குச் சங்கடம். இதற்காக ஓட்டவில்லை என்றால் வெளிநாட்டுக்காரன் நம்மைப் பற்றி என்ன நினைப்பான் என்பது அவர் கவலை. “நோ கரண்ட், சார்,” என்றார்.

பொறியாளர் மெல்ல அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாவிலைத் தோரணம் அதன் காற்றில் ஆடியது.

முதலாளி என் பக்கம் வந்தார். “நீரு அவன் பாஷையில சொல்லும்வே. லைன்ல கோளாறு, மிஷினுக்கு மட்டும் வரலைன்னு சொல்லும். நல்லபடியா சொல்லிட்டேர்னா நீருதான் ஜப்பானு. நானே அவன்கிட்ட பேசுதேன்.”

எனக்குத் தெரிந்த சொற்களை எண்ணினேன். மணி, ஆறு, ஆலை, இயந்திரம், இன்று, நாளை, அரிசி, பனி, ஓய்வு. மின்சாரத்துக்குச் சொல் தெரியாது. கம்பிக்குத் தெரியாது. கோளாறுக்குத் தெரியாது. பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு அந்த பாஷை வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன், இன்றைக்கும் தெரியவில்லை. என் எதிரே நாட்காட்டித் தாளில் குடை பிடித்தவர் நின்றுகொண்டிருந்தார். முதலாளியின் மூச்சு என் காதருகே கேட்டது.

“இன்று,” என்றேன் அவர் பாஷையில். “இயந்திரத்தின் ஓய்வு.”

அவர் புருவத்தைச் சுருக்கினார். இயந்திரத்தினுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மனிதர்களுடையது இல்லையா என்கிற மாதிரி எங்களைக் காட்டினார். இல்லை, இயந்திரத்துடையது என்றேன். முதலாளிக்குச் சொற்கள் புரியவில்லை. ஆனால் கரண்ட் பற்றி நான் பேசவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துபோனார். போச்சு என்று நினைத்தேன். எட்டாவது கம்பமும் போச்சு, ஏழு கம்பமும் போச்சு.

பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டு மிஷின் அருகே போனார். பொட்டு ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். பாகம் வழுக்கி ஓடும் பளபளப்பான தடத்தின் மேலேயே, கைக்கு எட்டிய இடம் என்று, யாரோ ஒரு பெரிய சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். சந்தனத்தில் இருக்கும் மண்துகள் அந்தத் தடத்தைக் கீறிவிடும் என்று எனக்குத் தெரியும். அளந்து பார்க்கிறவன் நான். ஆனால் பூஜை நேரத்தில் அதை எண்ணிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் இங்கே வேண்டாம் என்று சொல்லி, வெள்ளைத் துணியால் அந்த ஒரு பொட்டை மட்டும் மேலிருந்து கீழே, ஒரே பக்கமாக, அழுத்தாமல் துடைத்தார். மேஸ்திரி முன்னால் வந்தார். அதற்குள் பொறியாளர் கிண்ணத்துச் சந்தனத்தில் விரலைத் தொட்டு, ஒரு சாண் மேலே, பெயிண்ட் அடித்த மூடியின் மேல் அதே அளவுக்கு ஒரு பொட்டு வைத்தார். நடுவில் குங்குமத்தை எப்படி வைப்பது என்று மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார். மேஸ்திரி வைத்துக் காட்டினார்.

“நாளை,” என்றார் பொறியாளர் என்னிடம். “எட்டு மணிக்கு,” என்றேன். ‘நி’யைச் சரியாகப் போட்டேன்.

அவர் ரயிலை விட்டுவிட்டார். பொரி கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றபடி சாயங்காலம் வரை பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் விஜயதசமி. எட்டு மணிக்குத் துடைத்தோம், ஓட்டினோம், நான் அளந்தேன், சரியாக இருந்தது. ஊரெல்லாம் குழந்தைகள் அரிசியில் முதல் எழுத்து எழுதும் நாள் அது என்று கையால் எழுதிக் காட்டிச் சொன்னேன். அதுவரை நான் அந்த பாஷையைக் காதால்தான் அறிந்திருந்தேன், எழுத்துத் தெரியாது. அவர் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, குறி போடும் இரும்பு மேசையில் மூன்று எழுத்துகளை எழுதினார். நி, தே, ஓ. நான் அவற்றின் மேலேயே எழுதிப் பழகினேன். எண்ணெய்ப் பசையில் சாக்குக்கட்டி வழுக்கியது.

அவர் போன பிறகு வெகுநாள் ஒன்றும் தெரியவில்லை. முதலாளி என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். மழை வந்தது. ஆறு பெருகி, குறுக்குத்துறைக் கோயிலை மூழ்கடித்து, வடிந்தது. பிறகு ஒருநாள் முதலாளி என் மேசைக்கு வந்து, நாட்காட்டியைப் பார்த்தபடி நின்றார்.

“அந்த ஆளு உம்மத்தான் கேட்டிருக்கான்வே. கரண்டு இல்லைன்னு சொல்லாத ஆளு வேணுமாம்.” கொஞ்சம் கழித்து, “எனக்கும் அப்பிடி ஒரு ஆளு இங்கன வேணும். மூணு மாசத்துல திரும்பி வந்து சேரும்,” என்றார்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி சந்தோஷம் என்றாள். பருப்புப் பொடி இடித்தாள், கறிவேப்பிலைப் பொடி இடித்தாள், நான் அவற்றை எத்தனை பொட்டலம் என்று எண்ணினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவள் தனியாக ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை என்பது பெட்டியைக் கட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா வீட்டுக்குப் போய் இரு என்றேன். “நம்ம வீட்ட விட்டுட்டு நா எதுக்குப் போணும்? போற ஆளு நீங்கல்லா,” என்றாள்.

அவர்களுடைய ஆலை ஜப்பானில் மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஊரில் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் வெள்ளையாக இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு ஆலையில் இயந்திரத்தைத் துடைத்தோம். என்னைக் கேட்டு வாங்கிய அதே மனிதர் பக்கத்தில் நின்று துடைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரி டவுனில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து பேசினாள். சௌக்கியம் கேட்டாள், சாப்பாடு கேட்டாள், கம்பளி போதுமா என்று கேட்டாள். அதோடு பேச்சு தீர்ந்துபோனது. பிறகு, “கேசட்டக் காலம்பற போட்டுவிட்டுருதேன். அந்தப் பொம்பள சொல்லிட்டுச் சும்மா இருப்பால்லா, அப்போ நீங்க சொல்லுத எடத்துல ஒண்ணும் கேக்கல. அதனால நானே சொல்லிக்கிடுதேன்,” என்றாள்.

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே நடந்தேன். எங்கே போகிறேன் என்று நினைக்கவில்லை. ஊர்க் கோடியில் ரயில் நிலையம் வந்தது. நடைமேடையில் யாரும் இல்லை. குடையை விரித்துக்கொண்டு நின்றேன். விளக்குக் கம்பங்களை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்கு மேல் பனி. இது அந்தப் படத்தில் இருந்த நிலையம் இல்லை என்று தெரியும். ஆனால் பேட்டையில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, யாரோ ஒருவர் நாற்காலியில் கண் சொக்கியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. குடை தெரியும். என் முகம் தெரியாது.

தண்டவாளத்துக்கு அப்பால் ஓர் ஓடை, பாதி உறைந்தும் பாதி ஓடியும், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் மேலும் புகை படர்ந்திருந்தது. வாய் தானாகச் சொல்லியது. சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும்.

மைஅசா ரோகுஜி நி காவா தே வேட்டி ஓ அராய்மாஸ்.

பனியை வாரிக்கொண்டிருந்த நிலையத்து ஊழியர் ஒருவர் கையை நிறுத்தினார். வயதானவர். என்னைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். வேட்டி என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. குளிராதா என்று மட்டும், ரொம்பக் கரிசனமாகக் கேட்டார்.

மார்கழியில் விடியும் முன்னால் குறுக்குத்துறையில் முதல் படியில் கால் வைத்தால் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். வெளிக்காற்றுதான் குளிரும், உள்ளே இறங்கிவிட்டால் போர்வைக்குள் இருக்கிற மாதிரி இருக்கும். அதைச் சொல்ல எனக்கு இன்னும் நிறையச் சொற்கள் தேவைப்பட்டன.

குளிராது என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு, நான் நின்ற இடத்தைச் சுற்றிப் பனியை வாரத் தொடங்கினார்.